'வாயைக் கட்டுங்கள்' என்று சொல்லும் மருத்துவர்களுக்கு, பாம்பனிலிருந்து ஒரு தங்கை

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கும் உணவு ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

என் அண்ணன் விசைப்படகில் போகிறவர். வயது 42, எடை 98 கிலோ, சர்க்கரையும் இருக்கிறது. போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் "வாயைக் கட்டுங்கள், இருபது கிலோ குறைக்கணும்" என்று சொல்லி, அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். காலை எட்டு மணிக்கு ஓட்ஸ், பதினொரு மணிக்கு ஆப்பிள். எட்டு மணிக்கு அண்ணன் கரையில் மீன் இறக்கிக்கொண்டிருப்பார். அந்தத் தாள் இப்போது காலண்டருக்குப் பின்னால் சொருகிக் கிடக்கிறது.

எப்போது, ஏன் அதிகம் சாப்பிடுகிறார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். கடலில் ராத்திரி தூக்கம் கிடையாது, வலை வேலைக்கு நடுவில் பெரும்பாலும் டீயும் பிஸ்கட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் தலை ஈரம்கூடக் காயாமல் தட்டு முன்னால் உட்காருவார், குழம்பை ஊற்றிப் பிசைந்தால் முதல் தட்டு ஐந்து நிமிடத்தில் காலி, நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிய இருபது நிமிடம் போல ஆகும், அதற்குள் மூன்றாவது தட்டும் முடிந்துவிடும். பக்கத்தில் அம்மா அகப்பையோடு நிற்பார். கடலுக்குப் போய்வந்த பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வைக்காமல் அவருக்கு மனசு ஆறாது. ஏற்கெனவே பட்டினி கிடந்து வருகிறவரை இன்னும் பட்டினி போட்டால் என்ன ஆகும்? வாயைக் கட்டியது மூன்றாம் நாள் ராத்திரி நாலு புரோட்டாவில் போய் முடிந்தது.

இருபது கிலோ என்று கேட்டதுமே அவர் முகம் விழுந்துவிட்டது. ஆறு மாதத்தில் 5 சதவீதம் குறைத்தாலே சர்க்கரைக்கு நல்லது என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணனுக்கு அது 5 கிலோகூட இல்லை. அதைச் சொல்லியிருந்தால் சரி, பார்ப்போம் என்றிருப்பார். இடுப்பையும் டேப் வைத்து அளந்து சொல்லுங்கள், ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் சாப்பாடு. எங்களுக்கு ஆப்பிள் எதற்கு? காரல் மீனும் சூடை மீனும் இங்கேயே கிடைக்கிறது, முருங்கை வீட்டு வாசலில் நிற்கிறது. மீனைப் பொரிக்காமல் குழம்பில் போடச் சொல்லுங்கள், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி இருக்கிறது. கருவாட்டைக் குறைக்கச் சொன்னால் உப்பும் குறையும். சோற்றை நிறுத்தச் சொல்லாதீர்கள், மூன்று தட்டை இரண்டாக்கி, முதலில் கீரையும் மீனும் சாப்பிடச் சொல்லுங்கள். படகுக்கு அவித்த முட்டையும் சுண்டலும் நான் கட்டிக் கொடுக்கிறேன். முக்கியமாக, இதையெல்லாம் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள், அகப்பை அவர் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்று. சிலர் பசியே இல்லாமல், யாருக்கும் தெரியாமல், நிறுத்த முடியாமல் சாப்பிட்டுவிட்டு அப்புறம் குற்ற உணர்ச்சியில் அழுகிறார்கள். மருத்துவத்தில் அது தனி நோய், அதற்கு மனநல சிகிச்சை இருக்கிறது. ஸ்டீராய்டும் சில மனநல மாத்திரைகளும் பசியைக் கிளப்பும். அவர்களிடமும் வாயைக் கட்டு என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அண்ணன் வீட்டில்தான் இருப்பார். அந்த நாட்களில் எந்த நேரம் வரச் சொன்னாலும் அவரையும் அம்மாவையும் அழைத்து வருகிறேன், கால் மணி நேரம் ஒதுக்கி அவர் சொல்வதைக் கேளுங்கள்.