“சேரட்டும், பார்த்துக்கலாம்”: சட்டப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் எல்.எல்.எம். வகுப்பெடுக்கும் தமிழ்ப் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை விருப்பப் பாடமாக வைக்க நினைப்பவர்களுக்குத்தான் இந்த மடல். ஐ.நா. உடன்படிக்கை, நமது 2016 சட்டம், பெரிய தீர்ப்புகள் என்று வாசிப்புப் பட்டியல் போடுவது எளிது. ஆனால் பார்வையற்ற மாணவர் வந்தால் எப்படிப் படிப்பார் என்று கேட்டால், “சேரட்டும், பார்த்துக்கலாம்” என்று பதில் வருகிறது. முதல் பாடத்திலேயே சறுக்கல்.

உடன்படிக்கையின் 9-ஆம் சரத்து சொல்லும் அணுகல்தன்மை, யாரும் கேட்பதற்கு முன்பே எல்லாருக்குமாகச் செய்து வைப்பது. 2-ஆம் சரத்தில் வரும் ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ வேறு: குறிப்பிட்ட ஒருவர் கேட்கும்போது அவர் தேவைக்கேற்பச் செய்து தருவது. ‘தாங்க முடியாத சுமை’ என்ற வாதம் இரண்டாவதற்குத்தான் உண்டு. ஐ.நா. குழு 2014-இல் தன் 2-ஆம் பொதுக் கருத்துரையில் இதைத் தெளிவாகவே பிரித்தது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2016 சட்டத்தின்கீழ் அரசு வகுத்த அணுகல்தன்மை விதி 15-ஐ அந்தச் சட்டத்துக்கே முரண் என்றதும் இந்த வழியில்தான்: 40-ஆம் பிரிவு கட்டாயத் தரங்களைக் கேட்கிறது, விதியோ பரிந்துரையோடு நின்றுவிட்டது.

இனி உங்கள் வாசிப்புக் கட்டுக்கு வருவோம். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்த பி.டி.எஃப். வெறும் படம், மவுஸால் ஒரு வரியைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் வாயே திறக்காது. புத்தகத்தை விரித்து இரண்டு பக்கத்தையும் ஒரே படமாக எடுத்திருந்தால், படத்தை எழுத்தாக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள் இடப்பக்க வரியை வலப்பக்க வரியோடு ஒட்டிவிடும். சட்டக் கட்டுரைகளில் பாதிப் பக்கம் அடிக்குறிப்பு; அது வாக்கியத்தின் நடுவில் வந்து விழும். முன்பு படித்தவர் பேனாவால் அடிக்கோடிட்ட வரிகளும் சிதையும். ஒவ்வொரு பக்கமாக, கோணாமல், 300 டி.பி.ஐ.-இல் ஸ்கேன் செய்து, ஓ.சி.ஆர். ஓட்டி, வேர்டில் பிழை திருத்துங்கள். தலைப்புகளுக்கு ‘ஹெடிங்’ ஸ்டைல் கொடுங்கள். வெறுமனே போல்டு செய்தால் ஸ்க்ரீன் ரீடரில் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியாது. கர்நாடக அரசாணை பழைய நுடி எழுத்துருவில் இருந்தால் கண்ணுக்குத்தான் கன்னடம். உள்ளே இருப்பவை ரோமன் எழுத்துகள், கருவி அதையே உளறும். நம் தமிழின் பழைய பாமினி எழுத்துருவும் இதே கதைதான். யூனிகோடுக்கு மாற்றியே தீர வேண்டும்.

பதிப்புரிமையைக் காரணம் காட்ட வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்த 52(1)(இசட்பி) பிரிவு, இப்படி மாற்றித் தர இடம் தருகிறது. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்றப் பதிப்புரிமை விலக்குத் தரும் மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு நம்முடையது என்பதையும் வகுப்பில் சொல்வீர்கள்தானே?

தேர்வில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஸ்க்ரைப் (சொல்லச் சொல்ல எழுதித் தருபவர்) வைத்து எழுதுபவருக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல். மூன்று மணித் தேர்வு நான்கு மணியாகும். குறைந்தது 40 சதவீத ஊனம் என்ற சான்றிதழ் இல்லாதவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். எழுதும்போது கைத்தசை பிடித்துக்கொள்ளும் ‘ரைட்டர்ஸ் கிராம்ப்’ உள்ளவருக்கு ஸ்க்ரைப் தர வேண்டும் என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் தீர்ப்பாகி, 2022-இல் தனி வழிகாட்டு நெறிகளும் வந்துவிட்டன.

பாடத்திட்டத்தில் உடன்படிக்கையின் 12-ஆம் சரத்துக்கு ஒரு வாரம் போதாது. சட்டத் தகுதி, அதாவது தன் முடிவைத் தானே எடுத்துச் சட்டப்படி செயல்படும் தகுதி, எல்லாருக்கும் சமம் என்கிறது அது. நமது 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவோ ‘வரையறுக்கப்பட்ட காப்பாளரை’ (குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் சேர்ந்து முடிவெடுப்பவர்) வைத்திருக்கிறது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும் காப்பாளர் உண்டு. 2017 மனநலச் சட்டத்தில் முன்கூட்டிய அறிவுறுத்தலும் (எப்படிச் சிகிச்சை வேண்டும் என்று முன்பே எழுதி வைப்பது) நியமனப் பிரதிநிதியும். இந்த மூன்றையும் அருகருகே வைத்து ஒரே நபரின் வங்கிக் கணக்கு, மருத்துவமனைச் சேர்க்கை, திருமணம் ஆகியவற்றில் யார் கையெழுத்துப் போடுவது என்று மாணவர்களை மோதவிடுங்கள். இதற்கு மட்டும் மூன்று வாரம் ஒதுக்கலாம்.

சேர்க்கை அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன், இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. ஸ்க்ரீன் ரீடரை ஒரு கணினியில் நிறுவி, மானிட்டரை அணைத்துவிட்டு, முதல் வார வாசிப்பை நீங்களே கேட்டுப் பாருங்கள். எந்தக் கோப்பில் தடுமாறுகிறீர்களோ, அதை முதலில் திருத்துங்கள்.

இப்படிக்கு,
பெங்களூரில் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் வேலை செய்யும் தமிழர் சிலர்