மேசை போனுக்குத் தனி வி-லேன் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் அலுவலகங்களில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். மேசைக்கு ஓர் ஐபி போன் (நெட்வொர்க் ஒயரிலேயே பேசும் போன்) வைத்து, அதன் பின்னால் இருக்கும் இரண்டாவது போர்ட்டில் கம்ப்யூட்டரைச் செருகி, ஒரே ஒயரில் வேலையை முடிக்கிறார்கள். அதில் தப்பே இல்லை, அந்த போர்ட் அதற்குத்தான். ஆனால் எல்லா நெட்வொர்க் ஒயரும் வந்து சேரும் சுவிட்சைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிவிட்டுப் போவதால் போன், கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் வி-லேன் 1-இலேயே கிடக்கின்றன. ஒரே ஒயரிலும் சுவிட்சிலும் ஓடும் நெட்வொர்க்கை நம்பர் போட்டுத் தனித்தனியாகப் பிரிப்பதுதான் வி-லேன்.

போன மாதம் மார்த்தாண்டத்தில் ஓர் அலுவலகத்தில் போனில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் இன்டர்நெட்தான் மோசம் என்று முடிவுகட்டி கனெக்‌ஷனையே மாற்றியிருந்தார்கள், பணம் போனதுதான் மிச்சம். உண்மையில் மாடியிலிருந்து கீழே வரும் ஒற்றை கேபிளில் பேக்கப் ஓடும் நேரத்தில்தான் குரல் உடைந்தது. ஒரு அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் கூட வேண்டாம், ஆனால் அது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு வி-லேன் 10, போனுக்கு 20 என்று பிரித்தேன். மேசைக்குப் போகும் போர்ட்டில் 10 டேக் (வி-லேன் நம்பரைச் சொல்லும் குறி) இல்லாமலும் 20 டேக்கோடும் போகும். சுவிட்சில் எல்எல்டிபி-மெட் என்ற வசதியை ஆன் செய்துவிட்டால் போன் தன் வி-லேன் நம்பரை சுவிட்சிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும், மேசை மேசையாகப் போய் அடிக்க வேண்டியதில்லை. அப்படியும் மாடியில் போன்களுக்கு மட்டும் ஐபி முகவரி வரவில்லை. அரை மணி நேரம், முகவரி கொடுக்கும் டிஎச்சிபியைக் குடைந்த பிறகுதான் பார்த்தேன், இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் உள்ள டிரங்க்கில் (பல வி-லேன்கள் சேர்ந்து போகும் இணைப்பு) 20-ஐச் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

வி-லேன் பிரித்தாலே குரல் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இரண்டும் அதே கேபிளில்தான் ஓடுகின்றன. பெரும்பாலான போன்கள் குரல் பாக்கெட்டில் டிஎஸ்சிபி 46 என்று முன்னுரிமைக் குறி போட்டு அனுப்பும், சுவிட்சில் கியூஓஎஸ் (எதை முதலில் அனுப்புவது என்ற ஏற்பாடு) அமைத்து அந்தக் குறி உள்ளதை முதலில் அனுப்பச் சொல்ல வேண்டும். அதையும் செய்த பிறகுதான் அங்கே பேச்சு தெளிவானது.

அலுவலகம் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். மேனேஜ்டு சுவிட்ச்தானா (செட்டிங் மாற்றக்கூடியதுதானா) என்று பார்த்து வாங்குங்கள், மற்றதில் இதையெல்லாம் அமைக்க முடியாது. எந்த போர்ட் எந்த மேசைக்கு என்று எழுதி ரேக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். நிறைய சுவிட்சுகளில் அமைத்ததைத் தனியாக சேவ் செய்யாவிட்டால் அடுத்த கரண்ட் கட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும், நம்மூர் மழைக்காலத்தில் அதற்கு அதிக நாள் ஆகாது. அதனால் பில் கொடுக்கும் முன் சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் போடச் சொல்லி, போன்கள் 20-இலேயே திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள்.

– நெட்வொர்க் டெக்னீசியன், தக்கலை