கடைசியாக வருபவருக்கும் குளிரும்: ஓட்டக் குழுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறுப்பாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும், வணக்கம்.

மாரத்தானுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. வரும் ஞாயிறு விடியற்காலை நம் கடைசி லாங் ரன், அதாவது நெடுந்தூரப் பயிற்சி ஓட்டம். அதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நம் குழுவில் பலருக்கும் இந்த மனக்குறை இருப்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நம் குளிர்காலைப் பயிற்சி வேகமாக ஓடுபவர்களுக்கு ஏற்றபடிதான் நடக்கிறது. யாரும் வேண்டுமென்றே அப்படி அமைக்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் குளிரில் அதிகம் அவதிப்படுவது மெதுவாக ஓடுபவர்கள்தான்.

ஓடும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதியெல்லாம் வெப்பமாகிறது. வேகம் கூடினால் அந்த வெப்பமும் கூடும். அதனால்தான் முன்னால் போகிறவர்கள் மூன்றாவது கிலோமீட்டரிலேயே கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். பின்னால் வருபவருக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. போதாததற்கு, அவர் வெளியில் இருக்கும் நேரமும் அதிகம். கடைசிக் கிலோமீட்டர்களில் களைத்து வேகம் இன்னும் குறையும்போது, சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உறிஞ்சிவிடும். 5 டிகிரியோ 15 டிகிரியோ, ஈரத்தோடு காற்றும் சேர்ந்துகொண்டால், பழகாத உடம்பு நடுங்கத்தான் செய்யும்.

இப்போது நாம் வழியில் நின்று ஒன்றுசேரும் இடத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். முன்னால் போனவர்கள் அங்கே நின்று தண்ணீர் குடித்து, ஜெல் (ஓடும்போது தெம்புக்காகச் சாப்பிடும் இனிப்புக் கூழ்) சாப்பிட்டு, பேசிச் சிரித்து, குளிரத் தொடங்கியதும் காலை உதறிக்கொண்டு காத்திருக்கிறார்கள். கடைசி ஆள் கண்ணில் பட்டதும், "சரி, எல்லோரும் வந்தாச்சு, கிளம்பலாம்!" என்று கிளம்பிவிடுகிறார்கள். அதாவது, ஓய்வு அதிகம் தேவைப்படுபவருக்கு ஓய்வே இல்லை. போன வாரம் அப்படிக் கடைசியாக வந்த ஒரு தோழியின் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். விரல்கள் மரத்துப்போய் அவரால் ஜெல் பாக்கெட்டைப் பிரிக்க முடியவில்லை. மூலையைப் பல்லால் கடித்து இழுத்தார். பற்கள் தந்தியடித்ததில் அதுவும் நழுவியது. நான் வாங்கிப் பிரித்துக் கொடுப்பதற்குள் குழு அடுத்த வளைவைத் தாண்டிவிட்டது. அவர் பாதி ஜெல்லோடு பின்னாலேயே ஓடினார். "பரவாயில்லை, நான் மெதுவாகத்தானே ஓடுறேன்" என்று அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. நாம் ஒழுங்காக நடத்தியிருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை.

தீர்வு கடினமானதல்ல. முன்னால் போனவர்கள் நிற்காமல் திரும்பி வந்து, கடைசி ஆளைச் சந்தித்து, அவரோடு சேர்ந்து ஓடட்டும். அவர்களுக்குத் தூரம் கொஞ்சம் கூடும், உடம்புச் சூடும் குறையாது. கடைசியாக வருபவர் நின்று நிதானமாகத் தண்ணீர் குடிக்க இரண்டு நிமிடம் கிடைக்கும்.

கிளம்புவதற்கு முன் நடக்கும் அறிவிப்புகளையும் முந்தின நாள் இரவே அனுப்பிவிடுங்கள். இருட்டில் கால் மணி நேரம் அசையாமல் நின்று பாதை விளக்கம் கேட்டுவிட்டு, அப்படியே போட்டி வேகத்தில் பாய்வது தசைகளுக்கு நல்லதில்லை. அந்த நேரத்தில் நடை, மெல்லோட்டம், காலை முன்னும் பின்னும் வீசும் பயிற்சிகள் என்று வார்ம் அப் செய்யலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். குளிர்ந்த, வறண்ட காற்றை வேகமாக இழுக்கும்போது மூச்சுக்குழாய் சுருங்கிக்கொள்ளும். படிப்படியாக வேகம் கூட்டினால் பலருக்கு அந்தத் தொல்லை குறைகிறது. வாயையும் மூக்கையும் மறைத்து ஒரு துணி கட்டிக்கொள்வதும் உதவும். மூச்சு இழுக்கிறது என்று ஒருவர் நின்றால், "தாங்கிக்கிட்டு ஓடு, சரியாயிடும்" என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். அவர் நிற்கட்டும், இன்ஹேலரை எடுக்கட்டும். கூட ஒருவர் நிற்க வேண்டும்.

உடை விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். 172 பேர் ஓடினார்கள். மலை உச்சிப் பகுதியில் திடீரென்று ஆலங்கட்டி மழையும் சூறைக்காற்றும் பிடித்துக்கொள்ள, 21 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேலங்கி அந்தப் போட்டியில் கட்டாயப் பட்டியலில் இல்லை, 'கொண்டுவந்தால் நல்லது' என்ற பட்டியலில்தான் இருந்தது. ஆறு பேரைத் தன் குகைக்குக் கூட்டிப்போய்த் தீ மூட்டிக் காப்பாற்றியவர் ஓர் ஆட்டு மேய்ப்பர். நம் பாதை அந்த மலை இல்லைதான். ஆனாலும் நம் செய்திகளிலும் அதே 'கொண்டுவந்தால் நல்லது' தானே இருக்கிறது? மெல்லிய காற்றுத்தடுப்பு மேலங்கி, கையுறை, ஓடி முடித்ததும் மாற்ற உலர்ந்த சட்டை. இந்த மூன்றும் கட்டாயம் என்று எழுதுங்கள். பருத்திச் சட்டை வேண்டாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள், அது ஈரத்தை விடாது. இல்லாதவர்களுக்குக் கொடுக்க எங்களில் பலரிடம் கூடுதலாகவே இருக்கிறது.

அப்புறம், ஓட்டம் முடிந்ததும் குழுப் படம். நின்றுவிட்டால் தசைகள் சூட்டை உண்டாக்குவதும் குறைந்துவிடும், ஆனால் ஈரச் சட்டை குளிரவைத்துக்கொண்டேதான் இருக்கும். முதலில் கொஞ்சம் நடை, அடுத்து உலர்ந்த சட்டை, கடைசி ஆளும் மாற்றி முடித்த பிறகு படம். இந்த வரிசை போதும்.

இப்படியெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் வேகக்காரர்களின் தயாரிப்பு கெட்டுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. 2018 பாஸ்டன் மாரத்தான் கொட்டும் குளிர் மழையில், எதிர்க்காற்றில் நடந்தது. பெரிய பெரிய வீரர்களே பாதியில் விலகினார்கள். அன்று அமெரிக்க வீராங்கனை டெஸ் லிண்டன் தன்னால் முடிக்க முடியாது என்றே நினைத்தார். எப்படியும் விலகப்போகிறோம், அதற்கு முன் யாருக்காவது உதவுவோம் என்று, கழிப்பறைக்கு ஒதுங்கிய சக வீராங்கனை ஷாலேன் ஃபிளானகனுக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரை மீண்டும் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். பிறகு 2 மணி 39 நிமிடம் 54 விநாடியில் அந்தப் போட்டியை வென்றதும் அவர்தான். அப்படிப்பட்டவரே போட்டி நாளில் இன்னொருவருக்காகக் காத்திருந்தார் என்றால், ஒரு பயிற்சி ஓட்டத்தில் நம்மால் முடியாதா?

அதிலும் இனி வரும் வாரங்களில் தூரத்தைக் குறைத்து உடம்பைத் தேற்றுவதுதான் வேலை. ஞாயிறன்று ஒருவரை ஒருவர் முந்துவதால் யாருக்கும் புதிதாக எந்தத் தெம்பும் வந்துவிடாது. குளிரில் தசை பிடித்துக்கொண்டாலோ, நெஞ்சுச் சளி பிடித்தாலோ, மாதக்கணக்கான உழைப்பு வீணாகும்.

வரும் ஞாயிறு கடைசியாக ஓடுபவருடன் முழுத் தூரமும் வர ஒருவர் வேண்டும் என்றால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த வாரத்துக்கு வேறொருவரை இப்போதே கேட்டு வையுங்கள். உங்கள் பதிலை வெள்ளிக்கிழமைக்குள் குழுவில் எல்லோருக்கும் தெரிவித்தால், மேலங்கி இல்லாதவர்களுக்கு சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
குழுவில் உங்களோடு ஓடும் ஒருவர்