இடக்கைக்கு ஒரு கையுறை: நம் நாட்டுக் கையுறை உற்பத்தியாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கையுறை உற்பத்தியாளர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். 2007-இல் பெயர் மாறிவிட்டாலும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல்தான் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை (பாமாயில் மரம்) நடப்பட்டது. எங்கள் பாட்டி இந்த வட்டாரத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அப்பா தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டர். நான் 26 ஆண்டுகளாகச் சொந்தமாக வெல்டிங் பட்டறை நடத்துகிறேன்.

பாட்டி வெறுங்கையால் அள்ளிய ரப்பர் பாலிலிருந்து தொடங்கிய தொழில் இன்று உலகத்து மருத்துவமனைகளுக்கெல்லாம் கையுறை அனுப்புகிறது. அதில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டு. அந்த உரிமையில்தான் கேட்கிறேன். இங்கே நெருப்போடு வேலை செய்கிறவன் கைக்கு ஏற்ற கையுறையையும் நீங்கள் யோசிக்க வேண்டும். நான் இத்தனை ஆண்டுகளாக ஹார்ட்வேர் கடையில் வாங்குவதெல்லாம் குளிர்நாட்டுக் கைக்காக வெட்டித் தைத்தவை போலத்தான் இருக்கின்றன.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். செம்பனை ஆலையில் பழத்தைப் பிழியும் திருகு, நாரும் மணலும் உரசித் தேய்ந்துகொண்டே இருக்கும். தேய்ந்த இடத்தில் வெல்டிங்கால் கடினமான உலோகத்தை அடுக்கடுக்காக ஏற்றி, பழைய அளவுக்குக் கொண்டு வர வேண்டும். ஒரே இரும்பின்மேல் மணிக்கணக்காகக் குனிந்து செய்யும் வேலை அது. இரும்பு முழுவதும் சூடேறிவிடும். வலக்கையில் வெல்டிங் கம்பியை (ராட்) பிடிக்கும் ஹோல்டர், இடக்கை இரும்பை ஒட்டி. தகரக் கூரைக்குக் கீழே வெயில் 33 டிகிரி, காற்றில் ஈரம். அரை மணி நேரத்தில் கையுறைக்குள் விரல்கள் வேர்வையில் மிதக்கும்.

இந்த வேர்வைதான் என் முதல் பேச்சு. உள்ளே தடித்த பஞ்சுத் துணி வைத்தால் சூடு தெரியாது என்று தைக்கிறீர்கள். காய்ந்திருக்கும்வரை சரி. அந்தத் துணிக்குள் இருக்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. அது நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆலையின் பழக்கூண்டு ஒன்றுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, அப்போதுதான் வெட்டிய தகட்டை இடக்கையால் நகர்த்தினேன். நனைந்த துணி வழியே சூடு ஒரே நொடியில் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. உதறிக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. உள்துணி விரலோடு ஒட்டிக்கொண்டு, கையுறையின் மேல்தோல் மட்டும் பாதி உருவி வந்தது. அந்தச் சில நொடிகளில் வந்த கொப்புளத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது.

உள்துணியை விரல் நுனிகளில் தோலோடு சேர்த்துத் தைத்திருந்தால் ஒரு உதறலில் எல்லாம் கழன்றிருக்கும். இல்லையென்றால் உள்ளுறையைத் தனியாகவே செய்யுங்கள். மெல்லிய பருத்தியில், ஒரு கையுறைக்கு மூன்று ஜோடி. நனைந்ததைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டிக்கொள்ளலாம். நனைந்த கையுறையோடு ராட் மாற்றும்போது விரலில் சுருக்கென்று மின்சாரம் ஏறுவதை எந்த வெல்டரைக் கேட்டாலும் சொல்வார். ராட் இரும்பைத் தொடாமல் இருக்கும்போதுதான் மெஷினில் வோல்ட் அதிகம். ஆர்க் மெஷினில் அது 80 வோல்ட் வரை இருக்கும். வேர்வையில் ஊறியவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் தோல். கடையில் அதிகம் கிடைப்பது மாட்டுத்தோல். தடிமனாக இருக்கும், சூட்டைத் தாங்கும். ஆனால் நனைந்து காய்ந்தால் அட்டை மாதிரி விறைத்துவிடும். பன்றித்தோல் நனைந்து காய்ந்த பிறகும் மென்மையாக இருக்கும், எங்கள் ஈரத்துக்கு அது பொருத்தம்தான். ஆனால் என் பட்டறையில் வேலை செய்யும் மலாய்த் தம்பி அதைத் தொட மாட்டார். மாட்டுத்தோலை மாட்டிக்கொள்ளும்போது மனசு ஒப்பாத வயசானவர்கள் எங்கள் ஆட்களிலும் இருக்கிறார்கள். வயிற்றுப் பாட்டுக்காக வாய் திறக்காமல் மாட்டிக்கொள்கிறார்கள். ஆட்டுத்தோல் இரண்டு தரப்புக்கும் ஏற்றது. மெல்லியது, உறுதியானது, விரல் மடங்கும். நுணுக்கமான வேலைக்கான டிக் (TIG) வெல்டிங் கையுறைகளில் ஏற்கனவே இருக்கிறது. அதையே சூடு படும் இடங்களில் மட்டும் இரட்டையாக மடித்துத் தைத்துக் கொடுங்கள். எந்தத் தோல் என்று அட்டையில் எல்லோருக்கும் புரிகிற மொழியில் எழுதுங்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூன்று இனமும் ஒரே மேசையில் வேலை செய்யும் நாட்டில் இதை நான் கேட்டுத்தான் நீங்கள் செய்ய வேண்டும் என்பதில்லை.

தையல் நூலைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். நைலான் நூல் சுமார் 250 டிகிரியில் உருகிவிடும், பருத்தி நூல் கருகிவிடும். தோல் நன்றாக இருக்கும்போதே விரலிடுக்கு வாய் பிளக்கும். கெவ்லார் என்ற செயற்கை நாரில் செய்த நூல் உருகாது. அந்த நார் 1965-இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. கையுறையில் தோலோடு ஒப்பிட்டால் நூலுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். தையலை உள்ளங்கைப் பக்கம் வைக்காமல் விரலுக்குப் பின்பக்கம் தள்ளுங்கள். தையலுக்கு நடுவே ஒரு தோல் பட்டை வைத்துத் தைத்தால் தீப்பொறி நூலைத் தொடாது.

அளவு. கடையில் போய்க் கேட்டால் 10 இருக்கும், சில சமயம் 9. ஐரோப்பியத் தர அளவில் 9 என்றால் உள்ளங்கைச் சுற்றளவு 229 மில்லிமீட்டர், 8 என்றால் 203, 7 என்றால் 178. அந்த எண்ணே அங்குலக் கணக்குதான், டேப்பை வைத்துச் சுற்றிப் பார்த்தால் போதும். நான் பார்த்தேன். எனக்கு 8, என் உதவியாளருக்கு 7. தொழிற்பயிற்சிக்கு வந்த ஒரு பெண்பிள்ளைக்கு 6. அந்தப் பிள்ளை 10-ஆம் எண் உறையில் ராடைப் பிடிக்க முடியாமல் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தது. பெரிய உறை காக்காது, கழற்றத்தான் வைக்கும்.

கிரைண்டருக்கும் தகடு வெட்டவும் வருகிற பின்னல் கையுறை, மேலே நைட்ரில் என்ற செயற்கை ரப்பரில் தோய்த்தது, உங்கள் கைவந்த கலை. கூரிய விளிம்புக்கு அது நல்லது. ஆனால் தீப்பொறி பட்டால் உருகிக் கைத்தோலில் ஒட்டிக்கொள்ளும். புதுப் பையன்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அட்டையில் இருக்கும் 388, 407, 12477 என்ற ஐரோப்பியத் தர எண்களும் சின்னப் படங்களும் எனக்கே பல வருஷம் புரியவில்லை. வெல்டிங்குக்கு ஆகுமா ஆகாதா என்று உறையின் மணிக்கட்டிலேயே படம் போட்டுவிடுங்கள். டிரில்லிங் மெஷினுக்கும் லேத்துக்கும் எந்த உறையும் வேண்டாம் என்பதையும் அங்கேயே போடுங்கள். சுழலும் துரப்பணம் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

விலையைச் சொல்லாமல் விட முடியாது. பாதுகாப்புச் சாமான்களுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூன் 1 முதல் அந்தச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடத்துக்கும் பொருந்தும். ஆகவே எங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்கள்தான் வாங்க வேண்டும், வாங்கவும் செய்வோம். எங்களுக்கு நட்டம் வேறு இடத்தில். நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் இடக்கை உறை முதலில் போய்விடும், வலக்கை நன்றாகவே இருக்கும். வேறு வழியில்லாமல் முழு ஜோடியும் வாங்குகிறோம். அமெரிக்காவில் இடக்கையை மட்டும் தனியாக விற்கிறார்கள். இங்கேயும் விற்றால் எங்கள் செலவு பாதியாகும், தேய்ந்த உறையைப் போட்டு ஓட்டுவதும் குறையும்.

ஒரு மாதிரி தைத்தால் எங்களிடம் கொடுங்கள். ஞாயிறு தவிர எல்லா நாளும் பட்டறை திறந்திருக்கும். ஒரு மாதம் போட்டுப் பார்த்து, எங்கே கருகியது, எங்கே நூல் விட்டது, எங்கே விரல் மடங்கவில்லை என்று சாக்கட்டியால் குறித்து அனுப்புகிறோம், காசு வேண்டாம். பழையதைப் பார்த்துத் தொடங்கலாம் என்றால், கிழிந்த இடக்கைகளை ஒரு சாக்கில் போட்டு வைத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு சாக்கு நிறைய வலக்கைகள், பலவற்றில் தையல்கூடப் பிரியவில்லை.

இப்படிக்கு,
பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஒரு வெல்டர்