தைப்பதற்கு முன்னால் தசையையும் பாருங்கள்

மகப்பேறு மருத்துவர்களுக்கும் அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும் வணக்கம்.

மகளிர் வார்டில் பல வருஷமாக வேலை பார்க்கும் செவிலியர் நான். சில மாதம் முன்பு ஒரு பெண் வந்தார். கட்டிலில் உட்காரச் சொன்னால் தயங்கினார். பழைய சேலைத் துணியை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல்தான் உட்கார்ந்தார். பிரசவத்தில் கிழிந்த இடத்தில், மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை. வேறொரு இடத்தில் இரண்டு தடவை தைத்து, இரண்டு தடவையும் பிரிந்துவிட்டது. அவர் பையிலிருந்த காகிதங்களைப் புரட்டினேன். மலத்தையும் காற்றையும் அடக்கிவைக்கும் ஆசனவாய்ச் சுருக்குத்தசை எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

எங்கள் மருத்துவர் ஆசனவாய் வழியே ஸ்கேன் எடுத்தார், மயக்கம் கொடுத்தும் பார்த்தார். முன்பக்கம் தசை அறுந்து கிடந்தது. ஓட்டையை மட்டும் மூடியிருந்தால், அது ஒட்டினாலும் மலத்தை அடக்க முடியாமல் அவர் தவித்திருப்பார். "காற்றை அடக்க முடிகிறதாம்மா?" என்று முதல் நாளே கேட்டிருக்கலாமே!

ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக, பிறப்புறுப்பு வழியே மலமோ காற்றோ வருகிறது என்று சொல்லும் யாரையும் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடாதீர்கள். பிறப்புறுப்பில் பஞ்சை வைத்து, மலக்குடலில் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் கலந்த நீரைச் செலுத்தி, 15, 20 நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். பஞ்சில் பொட்டளவு நீலம் ஏறியிருந்ததைப் பார்த்து, "அப்போ நான் சொன்னது நிஜம்தானே சிஸ்டர்" என்று அழுத பெண்ணை எனக்குத் தெரியும்.

காரணமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், கேமரா குழாய் விட்டுக் குடலின் உள்ளே பார்க்க வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்கியவர் என்றால், புற்று திரும்பவில்லை என்பதைச் சதைத் துணுக்கு எடுத்து உறுதி செய்யாமல் தைக்கக் கூடாது. சீழ் இருந்தால் முதலில் அது வடிய வேண்டும்.

தைப்பதற்கு முன்னால் வீக்கம் வடிந்து திசு மிருதுவாக மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். பிரசவத்தில் வந்த சின்ன ஓட்டைகள் சில அதற்குள் தானாகவே மூடிக்கொள்வதும் உண்டு. ஒவ்வொரு முறை பிரியும்போதும் தழும்பு கூடுகிறது, அடுத்த தையல் கடினமாகிறது. முதல் தையலுக்கு இருக்கும் ஒட்டும் வாய்ப்பு பிறகு கிடைப்பதில்லை.

சரி, காத்திருக்கச் சொல்லும்போது ஏன் என்றும் சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணையும் அவர் மாமியாரையும் உட்காரவைத்து, ஒரு தாளில் படம் வரைந்து எங்கள் மருத்துவர் விளக்கினார். அந்தத் தாளை மடித்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார் மாமியார்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்