ஆறு கட்டங்களை அடித்துவிட்ட சிஸ்டருக்கு

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை.

முதல் நன்றி இரவுப் பணி சிஸ்டருக்கு. பெயர் கேட்காமலே வந்துவிட்டோம். மருந்து சார்ட்டில் அம்மாவின் முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி. என்று எழுதி, நேரே ஏழு நாளுக்கும் கட்டம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து, புதன் தவிர மற்ற ஆறையும் குறுக்கே கோடு போட்டு அடித்தீர்கள். பக்கத்தில் ‘வாரம் ஒருமுறை, 2.5 மி.கி. மாத்திரை ஆறு’ என்று எழுதினீர்கள். அரை நிமிட வேலை.

மூட்டுகள் வீங்கும் முடக்குவாதத்துக்கு இது வாரத்தில் ஒரே நாள் மருந்து. தவறி தினமும் போட்டால் முதலில் வாய்ப்புண் வரலாம், எலும்பு மஜ்ஜை ஒடுங்கி வெள்ளணுவும் தட்டணுவும் சரியும், உயிரே போகலாம். 10 மி.கி. மாத்திரையும் உண்டு என்பதால் ‘ஆறு மாத்திரை’ என்று மட்டும் எழுதினாலும் விபரீதம்தான். வீட்டில் கிழமை தப்பாதவர்கள்கூட வார்டில் கையில் கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் விழுங்குவார்கள். சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்றும் கேட்டீர்களே, அதுவும் இதற்காகத்தான். மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறினால் அந்த வாரத்து டோஸையே நிறுத்திவைப்பார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் உடனே சொல்லுங்கள் என்றதையும் மறக்கவில்லை. இரண்டுமே ஃபோலேட் என்ற வைட்டமினின் வேலையைத் தடுப்பவை, சேர்ந்தால் மஜ்ஜை தாங்காது.

மூட்டுவாத டாக்டருக்கு நன்றி. ‘ஆபரேஷனா, எல்லாவற்றையும் நிறுத்து’ என்று ஊரே சொன்னபோது மெத்தோட்ரெக்சேட்டைத் தொடரச் சொன்னார். நிறுத்தியிருந்தால் மணிக்கட்டு வீங்கி வாக்கரையே பிடிக்க முடியாமல் போயிருக்கலாம். நோய் எதிர்ப்பைக் குறைத்து முடக்குவாதத்தை அடக்கும் அடாலிமுமாப் ஊசி மட்டும் வேறு கணக்கு: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுவது, அதில் ஒன்றைத் தவிர்த்து, கடைசி ஊசியிலிருந்து மூன்றாவது வாரத்தில் ஆபரேஷன். இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றத்துக்கான 2022 அமெரிக்க வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை வழக்கமான அளவிலேயே அன்று காலையும் கொடுத்தார்கள். நாள்பட்ட ஸ்டீராய்டைப் பட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரியக்கூடும்.

கழுத்தை முன்னும் பின்னும் வளைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்ன மயக்க டாக்டர், மணிக்கட்டில் பாரம் விழாமல் முழங்கையை ஊன்றும் வாக்கர் தேடித் தந்த பிசியோ, இரவில் துணைக்கு இருந்தவர்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

தையல் பிரிக்க இன்னும் ஒன்பது நாள். காயம் காய்ந்து, சிவப்போ வீக்கமோ கசிவோ இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அடாலிமுமாப் ஊசி. அதுவரை அது ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும். எங்கள் வீட்டுக் காலண்டரிலும் இப்போது வாரத்துக்கு ஆறு குறுக்குக் கோடு.