எங்க ஆட்டுப்பட்டிக்கு கை கொடுத்த எல்லாருக்கும்

வணக்கம். உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லி ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன், ரெண்டு வேளை கறவை, குட்டிங்களுக்கு பால், சீஸ் ரூம் கழுவுறதுன்னு பொழுது போயிடுது, இன்னைக்கு எழுதிட்டுதான் படுக்கணும்னு உக்காந்துட்டேன்.

வீட்டுக்காரர் கை உடைஞ்சு கட்டோட இருந்தப்பதான் 18 ஆடும் நிறைசினையா நின்னுச்சு. சினைக்காலம் சுமார் 150 நாள், எல்லாத்துக்கும் ஒரே சமயத்துல கிடா சேத்ததால எல்லாம் அடுத்தடுத்து ஈன ஆரம்பிச்சுடுச்சு.

மூணாவது ராத்திரி கருப்பிக்கு பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரமாகியும் குட்டி வரல. முன்னங்கால் ரெண்டும் தெரியுது, அதுக்கு மேல இருக்க வேண்டிய மூக்கைக் காணோம். பக்கத்து வீட்டு பெரியம்மாவுக்கு போன் பண்ணேன், டார்ச்சோட ஓடி வந்தாங்க. முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு கழுவிட்டு கையை விட்டுப் பாத்துட்டு "தலை பின்னாடி மடங்கிக் கெடக்கு, இழுத்துடாதம்மா"ன்னாங்க. ஆடு முக்குறப்ப கையை அசைக்காம வச்சிருந்து, அடங்குனதும் குட்டியை மெதுவா உள்ள தள்ளி, தலையை நேராக்கி, அடுத்த முக்கல்ல வெளிய எடுத்தாங்க. மூச்சு இல்லாத மாதிரி கெடந்துச்சு, மூக்குல இருந்த சளியைத் துடைச்சு சாக்கால நல்லா தேய்ச்சாங்க பாருங்க, தும்முச்சு. அந்தத் தும்மல் சத்தத்தை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். சீம்பால் குடிச்சு அது எந்திரிச்சு நின்ன பிறகுதான் பெரியம்மா வீட்டுக்கே போனாங்க.

அடுத்த நன்றி, சீஸ் வேலையில கை கொடுத்த அக்காவுக்கு. 30 லிட்டர் பாலை 63 டிகிரியில 30 நிமிஷம் காய்ச்சி, ஆறவச்சு, கல்ச்சர் (பாலைப் புளிக்க வைக்குற நல்ல கிருமி, தயிருக்கு உறை ஊத்துற மாதிரி) போட்டு வச்சா மறுநாள் காலையில பால் பாலாவே கெடக்கு, உறையவே இல்ல. நான் கல்ச்சர்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அக்கா போன்ல கேட்ட மொத கேள்வியே "எந்த ஆட்டுக்காவது ஊசி போட்டீங்களா?" மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்ட ஆடு ஒண்ணு இருந்துச்சு, அதோட கால்ல கட்டியிருந்த சிவப்பு நாடா அவுந்து விழுந்துருக்கு, தெரியாம அந்தப் பாலும் கேன்ல கலந்துடுச்சு. மருந்து பால்ல இருந்தா கல்ச்சர்ல இருக்குற நல்ல கிருமி வளராது, பால் எப்படி உறையும்? முழுசும் கொட்டிட்டோம். அக்கா புது கல்ச்சரோட நேர்ல வந்து ரெண்டு நாள் தங்கி, கறக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு காம்புலயும் மொதப் பீச்சலை கருப்புக் கிண்ணத்துல பிடிச்சு மடிநோய்க்கு அறிகுறியா திரி திரியா வருதான்னு பாக்கவும், ஊசி போட்ட தேதி, பால் சேக்கக்கூடாத நாள் எல்லாம் கொட்டகை செவுத்துலயே எழுதி வைக்கவும் பழக்கிட்டுப் போனாங்க.

அந்த வாரம் சீஸ் இல்லன்னு காரணத்தோட சொன்னப்ப ஒருத்தர்கூட ஆர்டரை கேன்சல் பண்ணல. வாடிக்கையாளர் எல்லாருக்கும் அதுக்காகவே தனியா நன்றி, அந்த மெசேஜை அனுப்புறப்ப எனக்கு கை நடுங்குச்சு.

கிடா வாடை பால்ல ஏறுதுன்னு கிடா கொட்டகையைப் பிரிச்சு தள்ளிப் போட்டுக் கொடுத்த தம்பிங்களுக்கும், நடுராத்திரியில போனை எடுத்த டாக்டருக்கும் ரொம்ப நன்றி. தம்பிங்க போட்ட வேலி உறுதியா நிக்குது.

பெரியம்மா, அந்தக் குட்டி பொட்டைக்குட்டி, பட்டியிலயே வச்சுக்கப் போறோம். உங்க டார்ச் எங்க வீட்லதான் இருக்கு, புது பேட்டரி போட்டு வச்சிருக்கேன், நாளைக்கு கறவை முடிஞ்சதும் கொண்டாந்து தரேன்.